ஒரே கட்டுரை, இரண்டு வகுப்பறை: அமெரிக்கச் சமுதாயக் கல்லூரியில் சமூகவியலும் மானிடவியலும்

கலிஃபோர்னியாவில் நான் படித்த சமுதாயக் கல்லூரியின் மாலை ஆறரை மணி வகுப்பில் சமூகவியல் ஆசிரியர் ஐந்து பக்க ஜெராக்ஸ் ஒன்றைக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து, அதே கட்டடத்தின் மேல்மாடியில், மானிடவியல் ஆசிரியரும் ஐந்து பக்க ஜெராக்ஸ் ஒன்றைக் கொடுத்தார். வாங்கிப் பார்த்தால் அதே கட்டுரை. ஓரத்தில் விழுந்திருந்த கறுப்புக் கோடு மட்டும்தான் வேறு.

கட்டுரை, வட அமெரிக்காவில் வாழும் நசிரேமா என்ற மக்களைப் பற்றியது. மனித உடம்பே அசிங்கமானது, விட்டால் நோயிலும் தளர்ச்சியிலும்தான் போய் முடியும் என்று நம்புகிறவர்கள் அவர்கள். அதைத் தடுக்க வீட்டுக்கு வீடு மறைவான ஒரு சடங்கறை வைத்திருக்கிறார்கள். அறையின் சுவரில் ஒரு பெட்டி; பெட்டி நிறைய மந்திர மருந்துகள். ஒவ்வொருவரும் தினமும் தனியாக உள்ளே போய், அந்தப் பெட்டியின் முன் தலைகுனிந்து நிற்கிறார்கள். பன்றி மயிர்க் கற்றை ஒன்றை வாய்க்குள் விட்டு, வகுத்த முறைப்படி அசைக்கிறார்கள். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை, வாய்ச் சடங்கு செய்பவரிடம் காசு கொடுத்துப் பல்லைக் குடைந்துகொண்டு வருகிறார்கள். எவ்வளவு வலித்தாலும் அடுத்த ஆண்டும் போகிறார்கள்.

ஐயோ பாவம் என்று நினைத்துக்கொண்டே படித்தேன். வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் படித்திருந்தார்கள். ஆசிரியர் அந்தப் பெயரை ஆங்கில எழுத்துகளில் பலகையில் எழுதி, பின்னாலிருந்து முன்னால் வாசிக்கச் சொன்னார். ‘அமெரிக்கன்’ என்று வந்தது. சடங்கறை குளியலறை, பன்றி மயிர் பல் துலக்கும் பிரஷ், வாய்ச் சடங்கு செய்பவர் பல் டாக்டர். ஹொரேஸ் மைனர் என்ற மானிடவியலாளர் 1956-இல் ஓர் ஆய்விதழில் எழுதிய குறும்பு இது. அமெரிக்கக் கல்லூரிகளில் இந்த இரண்டு பாடங்களின் அறிமுக வகுப்புக்குப் போகிற எவரும் பெரும்பாலும் இதில் ஒருமுறை ஏமாந்திருப்பார்கள்.

அப்படியானால் இரண்டும் ஒரே பாடம்தானா? முழுக்க இல்லை. மேல்மாடியில் கட்டுரையை வைத்துப் பேசியது, வேற்று மக்களைப் பற்றி எழுதும்போது நம் வார்த்தைகளே அவர்களை எப்படி விநோதப் பிராணிகளாக்கிவிடுகின்றன என்பதைப் பற்றி. கீழே பேசியது, வெள்ளைப் பல்லும் மணக்கும் வாயும் இல்லாதவனுக்கு நேர்காணலில் வேலை கிடைக்குமா, பல் டாக்டரிடம் போக யாரிடம் காப்பீடு இருக்கிறது என்பதைப் பற்றி. வித்தியாசத்தை எனக்குப் புரியவைத்தது பாடப்புத்தகத்தின் வரையறை அல்ல, அந்த இரண்டு நாள்கள்தான்.

சமூகவியலை முதலில் எடுத்துக்கொள்வோம். நமக்கு நேர்வது எதுவும் நம்மோடு மட்டும் முடிவதில்லை, அதற்குப் பின்னால் ஓர் அமைப்பு இருக்கிறது என்பதுதான் அதன் அடிப்படை. சி. ரைட் மில்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1959-இல் இதைச் சொன்ன விதம் இன்றும் எல்லா அறிமுக வகுப்பிலும் முதல் வாரப் பாடம். ஒரு லட்சம் பேர் வாழும் ஊரில் ஒரே ஒருவனுக்கு வேலை இல்லை என்றால் அவனுடைய திறமையையும் குணத்தையும் விசாரிக்கலாம். ஐந்து கோடி உழைப்பாளர்கள் இருக்கிற நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலை இல்லை என்றால், ஒவ்வொருவன் குணத்தையும் விசாரித்துக்கொண்டிருப்பதில் பொருள் இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கிற பழக்கத்துக்கு அவர் ‘சமூகவியல் கற்பனை’ என்று பெயர் வைத்தார்.

கலிஃபோர்னியாவில் இருக்கும் தமிழர்களுக்கு இது ஏட்டுப் பாடம் அல்ல. 2022-இன் இறுதியிலும் 2023-இலும் மென்பொருள் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் ஆள்குறைப்பு செய்தபோது, வேலை போன நண்பர் ஒருவர் ஊரில் அப்பாவிடம் சொல்லவே இல்லை. காலையில் வழக்கம்போல் கிளம்பி நூலகத்தில் போய் உட்கார்ந்திருந்தார். தன் தோல்வி என்றே நினைத்துக்கொண்டிருந்தார். ஹெச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அடுத்த வேலை தேட அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம் என்பது சட்டம். அந்தச் சட்டத்தையோ, வட்டி விகிதத்தையோ, ஒரே நேரத்தில் வெளியே வந்து நின்ற பல்லாயிரம் பேரையோ அவர் தன் கணக்கில் சேர்க்கவில்லை. சமூகவியல் அந்தக் கணக்கைத்தான் சேர்க்கச் சொல்லித் தருகிறது.

இதைச் செய்யப் பெரும்பாலும் எண்கள் தேவைப்படும்: கணக்கெடுப்பு, கேள்வித்தாள், விகிதம், ஒப்பீடு. டபிள்யூ. இ. பி. டூ பாய்ஸ் என்ற கறுப்பினச் சமூகவியலாளர் 1896-இலும் 1897-இலும் ஃபிலடெல்ஃபியாவின் ஏழாவது வார்டில் வீடு வீடாக ஏறி இறங்கி, அங்கே வாழ்ந்த கறுப்பின மக்களின் வேலை, வாடகை, குடும்பம், கல்வி எல்லாவற்றையும் கணக்கெடுத்தார். அவர்களுடைய வறுமைக்கு அவர்களே காரணம் என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்தது. கதவடைத்த தொழில்களையும் கூடுதலாக வாங்கப்பட்ட வாடகையையும் அவர் எடுத்து வைத்தார். அந்த ஆய்வு 1899-இல் நூலாக வந்தது. நெடுங்காலம் பாடத்திட்டங்கள் அவரைக் கண்டுகொள்ளவில்லை. இப்போது துறையின் முன்னோடிகளான மார்க்ஸ், துர்க்கைம், வெபர் வரிசையில் அவரையும் வைத்துப் பாடம் நடத்துகிறார்கள். தாமதமான மரியாதை, ஆனாலும் மரியாதை.

எண் இல்லாத வழியும் உண்டு, அதுதான் எனக்கு அதிகம் பிடித்தது. லாஸ் ஏஞ்சலிஸில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஹெரால்டு கார்ஃபிங்கல், மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்: கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை உங்கள் சொந்த வீட்டில், வாடகைக்குக் குடியிருப்பவரைப் போல மரியாதையாக நடந்துகொள்ளுங்கள். கேட்டதற்கு மட்டும் பதில், எதை எடுத்தாலும் அனுமதி, எல்லாவற்றுக்கும் நன்றி. எழுதாத விதியை உடைத்தால்தான் அந்த விதி கண்ணுக்குத் தெரியும் என்பது அவர் கணக்கு.

எங்கள் ஆசிரியரும் இதைக் கொடுத்தார். அப்போது அம்மா ஆறு மாத விசாவில் வந்திருந்தார். இரவு சாப்பாட்டுக்கு உட்கார்ந்து, “அம்மா, இன்னொரு தோசை எடுத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார். தோசை வந்தது. “மிக்க நன்றி அம்மா” என்றேன். கையில் இருந்த தோசைத் திருப்பியை வைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. ஐந்து நிமிடம் கழித்து, “சட்னிக்கு நன்றி” என்றபோது அவர் முகம் மாறிவிட்டது. “ஏன் இப்படிப் பேசுகிறாய்? நான் இங்கே வந்தது உனக்குப் பிடிக்கவில்லையா?” என்றார். பதினைந்து நிமிடம் தாக்குப்பிடிக்க முடியவில்லை, ஒன்பதாவது நிமிடத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

இதே பாடத்தைச் செய்த அமெரிக்க நண்பருக்கு வீட்டில் சிரிப்புத்தான் கிடைத்தது. அங்கே நன்றி சொல்வது அன்றாட வழக்கம் என்பதால் இன்னும் பெரிதாக ஏதாவது செய்தால்தான் விதி உடையும். தமிழ் வீட்டிலோ அம்மாவுக்கு நன்றி சொல்வதென்றால் அவரை வெளியாளாக்குவது. ‘நன்றி’ என்ற சொல் ஒருவரை எவ்வளவு தூரம் தள்ளிவைக்கக்கூடியது என்று அந்த ஒன்பது நிமிடத்துக்கு முன் எனக்குத் தெரியாது.

இனி மானிடவியல், அதாவது மனிதனையே எல்லாப் பக்கமிருந்தும் பார்க்கிற படிப்பு. அமெரிக்காவில் இந்தப் பாடத்துக்கு நான்கு கிளைகள்: பண்பாடு, உடல், தொல்லியல், மொழி. நான்கையும் ஒரே துறைக்குள் வைத்திருப்பது பெரும்பாலும் அமெரிக்க வழக்கம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் கற்பித்த ஃபிரான்ஸ் போவாஸ் அதற்கு முக்கியக் காரணம். இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு இந்தப் பக்கம் வந்தவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான குடியேறிகளையும் அவர்கள் பிள்ளைகளையும் அளந்து பார்த்து, மண்டையோட்டின் வடிவம் கூடப் பிறந்து வளரும் இடத்தைப் பொறுத்து மாறுகிறது என்று காட்டினார். மண்டையோட்டின் அளவை வைத்து இனங்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த காலம் அது.

உடல் மானிடவியலில் ஆய்வுக்கூடம் உண்டு. மேசையில் வரிசையாக மண்டையோடுகள், எல்லாம் வார்ப்பில் செய்த நகல்கள். முதல் நாள் ஒரு மனித மண்டையோட்டையும் ஒரு சிம்பன்சி மண்டையோட்டையும் கையில் கொடுத்து, பல்லையும் நெற்றியையும் பார்க்க வேண்டாம், தலைகீழாகத் திருப்புங்கள் என்றார்கள். அடியில் தண்டுவடம் நுழைகிற பெரிய துளை. மனிதனுடையதில் அது நட்டநடுவே இருக்கிறது, கழுத்தின் மேல் தலை பானை மாதிரி உட்காருவதற்காக. சிம்பன்சியுடையதில் பின்னால் தள்ளி இருக்கிறது. முழு எலும்புக்கூடு கிடைக்காமல் அடிமண்டைத் துண்டு ஒன்று மட்டும் கிடைத்தாலும், அந்த விலங்கு இரண்டு காலில் நடந்ததா என்று ஊகிக்க இந்தத் துளை போதும். எத்தியோப்பியாவின் ஹடார் பகுதியில் 1974-இல் கிடைத்த லூசி, சுமார் 32 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவள். அவளுடைய இடுப்பெலும்பும் தொடையெலும்பும் அவள் நிமிர்ந்து நடந்தவள் என்று சொல்கின்றன. மூளையோ சிம்பன்சியின் அளவுதான். நடை முதலில் வந்தது, பெரிய மூளை வெகு காலம் கழித்து வந்தது.

மேசையில் நகல்களே இருப்பதற்குப் பின்னால் ஒரு கசப்பான கதையும் இருக்கிறது. அமெரிக்கப் பழங்குடிகளின் கல்லறைகளைத் தோண்டி எலும்புகளை அருங்காட்சியகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் குவித்து வைத்த துறை இது. அவற்றைச் சந்ததியாரிடம் திருப்பித் தரவேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் வந்ததே 1990-இல்தான். திருப்பித் தருவது இன்னும் முடியவில்லை. நல்ல ஆசிரியர்கள் இதை மறைப்பதில்லை. எங்கள் ஆசிரியர் மண்டையோட்டைக் கையில் கொடுப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிட்டார்.

பண்பாட்டு மானிடவியலில் தமிழ் மாணவருக்கு ஓர் அனுகூலம் காத்திருக்கிறது: உறவுமுறைப் பாடம். முக்கோணம் ஆண், வட்டம் பெண், இடையில் சமக்குறி போட்டால் திருமணம். இந்தக் குறிகளை வைத்து எல்லோரும் தங்கள் குடும்பத்தை வரைய வேண்டும். அமெரிக்க மாணவர்கள் அங்கிள், ஆன்ட், கசின் என்று மூன்றே சொல்லில் முடித்துவிட்டார்கள். நான் பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை, சித்தி என்று எழுதிக்கொண்டே போக, பலகையில் இடம் போதவில்லை. சித்தப்பா மகன் தம்பி, மாமா மகன் மச்சான். இரண்டு பேரும் உங்கள் மொழியில் கசின். ஒருவர் வீட்டில் பெண் எடுக்க முடியாது, இன்னொருவர் வீட்டில் காலம் காலமாக எடுத்திருக்கிறார்கள். இதைச் சொன்னதும் வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியானது.

ஆசிரியர் அப்போதுதான் லூயிஸ் ஹென்றி மார்கன் பெயரைச் சொன்னார். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகர வழக்கறிஞர். அருகில் வாழ்ந்த செனகா பழங்குடிகள், அப்பாவின் சகோதரனையும் ‘அப்பா’ என்றே கூப்பிடுவதையும், மாமன் மக்களைத் தனிச் சொல்லால் பிரிப்பதையும் கவனித்தார். உலகமெங்கும் கேள்விப்பட்டியல் அனுப்பி உறவுச்சொற்களைத் திரட்டினார். தென்னிந்தியாவில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் வழியாகத் தமிழ் உறவுச்சொற்கள் கைக்கு வந்தபோது அசந்துபோனார்: அதே பாணி. பெரியப்பாவுக்குள்ளும் சித்தப்பாவுக்குள்ளும் ‘அப்பா’ ஒளிந்திருக்கிறார் பாருங்கள். 1871-இல் வந்த அவருடைய நூலில் தமிழுக்குப் பெரிய இடம் உண்டு. இந்த ஒற்றுமையையே அமெரிக்கப் பழங்குடிகள் ஆசியாவிலிருந்து வந்ததற்குச் சான்றாகவும் அவர் காட்டினார். அந்த வாதம் நிற்கவில்லை. ஆனால் உறவுமுறை ஆய்வு என்ற துறையே அங்கிருந்துதான் கிளம்பியது. நம் வீட்டு விசேஷத்தில் யார் யாருக்கு என்ன முறை என்று பாட்டிமார் பேசிக்கொண்டிருந்ததை, ராச்செஸ்டரில் ஒரு வக்கீல் இரவெல்லாம் விளக்கேற்றி வைத்துப் படித்திருப்பார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

மானிடவியலின் தனி முறை களப்பணி. மலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் முதல் உலகப்போர்க் காலத்தில் பசிஃபிக் கடலின் டிரோபிரியாண்ட் தீவுகளில் மக்களோடு தங்கி, அவர்கள் மொழியைக் கற்று, பார்த்ததை எழுதிவைத்தது இதற்கு மாதிரியாகிவிட்டது. சமுதாயக் கல்லூரி மாணவனைத் தீவுக்கு அனுப்ப மாட்டார்கள். எனக்குக் கிடைத்தது காசு போட்டுத் துணி துவைக்கும் கடை, இரண்டு மணி நேரம். ‘ஒரு பெண் கோபமாகத் துணி மடித்தார்’ என்று எழுதியிருந்தேன். ஆசிரியர் ‘கோபமாக’ என்பதைச் சிவப்பில் வட்டமிட்டு, “இது உங்களுக்கு எப்படித் தெரியும்? அவர் கை என்ன செய்தது என்று எழுதுங்கள்” என்று குறிப்பு வைத்திருந்தார். களக்குறிப்பு என்றால் என்ன என்பதை எனக்கு அந்தச் சிவப்பு வட்டம் சொல்லிக்கொடுத்தது.

களக்குறிப்பின் அருமைக்கு அவர் சொன்ன கதை இந்தியச் சமூக மானிடவியலாளர் எம். என். சீனிவாஸுடையது. மைசூருக்கு அருகே ராம்புரா என்று அவர் பெயரிட்ட கிராமத்தில் 1948-இல் செய்த களப்பணியின் குறிப்புகளை, பல ஆண்டுகள் உழைத்து ஒழுங்குபடுத்தியிருந்தார். 1970 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டில் அவர் தங்கியிருந்த ஆய்வு மையத்துக்கு யாரோ தீ வைத்ததில், அந்தக் குறிப்புகளின் மூன்று பிரதிகளும் எரிந்தன. பெரும்பாலும் நினைவிலிருந்தே அவர் எழுதிய நூல் 1976-இல் வெளிவந்தது. (நானோ அன்றிரவே சலவைக்கடைக் குறிப்பை மூன்று இடத்தில் சேமித்துவைத்தேன். அதை எரிக்க யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.)

சரி, சமுதாயக் கல்லூரி என்றால் என்ன? தமிழ்நாட்டில் அந்தப் பெயரைக் கேட்டால் தொழிற்பயிற்சிதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அது இரண்டாண்டுக் கல்லூரி. இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட்டில் 1901-இல் தொடங்கியதை அரசுப் பிரிவில் முதலாவது என்பார்கள். அங்கே வெல்டிங்கும் செவிலியர் பயிற்சியும் உண்டு, இளங்கலையின் முதல் இரண்டாண்டுப் பாடங்களும் உண்டு. அவற்றை முடித்துவிட்டு நான்காண்டுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேரலாம். இதை டிரான்ஸ்ஃபர் என்கிறார்கள்.

கலிஃபோர்னியாவில் மட்டும் இத்தகைய கல்லூரிகள் 116. பதினெட்டு வயது நிறைந்த எவரும் நுழைவுத்தேர்வு இல்லாமல் சேரலாம். பாடத்தின் அளவை யூனிட் என்று கணக்கிடுகிறார்கள்; மாநிலவாசிக்குக் கட்டணம் யூனிட்டுக்கு 46 டாலர். சமூகவியல் அறிமுகம் போன்ற ஒரு பாடம் மூன்று யூனிட், அதாவது 138 டாலர். இரண்டாண்டுப் பட்டத்துக்குத் தேவையான 60 யூனிட்டுக்கும் சேர்த்து 2,760 டாலர்தான் ஆகிறது. மாநிலவாசி என்று ஏற்க ஓராண்டுக்கு மேல் வசித்திருக்க வேண்டும். எஃப்-1 மாணவ விசாவில் வருபவருக்கு இது பொருந்தாது, அவருக்குப் பல மடங்கு. மற்ற விசாக்காரர்கள் சேர்க்கை அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது, நண்பர் சொன்னதை நம்பி இருக்க வேண்டாம்.

புத்தகச் செலவும் குறைந்துவிட்டது. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் சமூகவியல் பாடநூலை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. மானிடவியலுக்கு, சமுதாயக் கல்லூரி ஆசிரியர்களே தங்கள் சங்கத்தின் வழியாக இலவசப் பாடநூல்களை வெளியிட்டிருக்கிறார்கள்.

இந்த இரண்டு பாடங்களையும் படிக்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பது என் கட்சி. பெரிய பல்கலைக்கழகத்தின் அறிமுக வகுப்பில் நூற்றுக்கணக்கான பேர், எல்லோருக்கும் பத்தொன்பது வயது. எங்கள் வகுப்பில் முப்பத்தைந்து பேர். ஈராக்கிலிருந்து திரும்பிய முன்னாள் சிப்பாய், இரவுப் பணி முடித்துக் கண் சிவக்க வரும் செவிலி உதவியாளர், பள்ளிப் படிப்போடு சேர்த்தே இதையும் படிக்கிற பதினாறு வயதுப் பெண், பேரன் பிறந்தபிறகு படிக்க வந்த மெக்சிகப் பாட்டி. குறைந்தபட்சக் கூலி பற்றிப் பாடம் வந்தபோது, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அந்தச் செவிலி உதவியாளரைப் பேசச் சொன்னார் ஆசிரியர்.

குறையும் உண்டு. 2010-இல் வந்த சட்டத்தின்படி, டிரான்ஸ்ஃபருக்கென்றே வகுத்த இரண்டாண்டுப் பட்டத்தை முடித்தால் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி. ஆனால் நீங்கள் விரும்பிய வளாகத்திலேயே உறுதி இல்லை. மானிடவியலில் அந்தப் பட்டத்துக்குப் பண்பாடு, உடல், தொல்லியல் மூன்றும் வேண்டும். நான் படித்த கல்லூரியில் தொல்லியல் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். அந்த முறையும் ஆள் சேரவில்லை என்று வகுப்பு தொடங்கும் வாரத்தில் ரத்து செய்துவிட்டார்கள். கடைசியில் பக்கத்து ஊர்க் கல்லூரியில் இணையவழியில் எடுத்தேன். உடல் மானிடவியலின் ஆய்வுக்கூடம் தனி ஒரு யூனிட் என்பதையும் சேரும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். அதைச் சேர்த்து எடுத்தால் ஆய்வுக்கூடத்தோடு கூடிய அறிவியல் பாடமாகக் கணக்காகும். வேதியியலுக்குப் பயந்தவர்கள் பலர் மண்டையோட்டு மேசைக்கு வருவது இதனால்தான். சமூகவியலை முதன்மைப் பாடமாக எடுப்பவர்கள் புள்ளியியலைத் தள்ளிப்போடாமல் முடித்துவிடுவது நல்லது. எந்தக் கல்லூரியின் எந்தப் பாடத்தை எந்தப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்று பார்க்க ‘அசிஸ்ட்’ என்ற மாநில இணையதளம் இருக்கிறது. பாடத் தேர்வில் ஆலோசனை சொல்லும் கவுன்சலரைப் பார்க்கப் போகும்போது அதை அச்செடுத்துக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது.

ஒன்றை மட்டும் எடுத்துப் பார்க்க நினைப்பவருக்கு, பண்பாட்டு மானிடவியலில் தொடங்கச் சொல்வேன். எண்ணும் விகிதமும் பிடித்தவர் சமூகவியலில் தொடங்கட்டும். இலையுதிர் பருவம் ஆகஸ்ட் இறுதிவாக்கில் தொடங்கும். இணையத்தில் ‘வகுப்பு நிரம்பிவிட்டது’ என்று காட்டினாலும் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டு, முதல் நாள் நேரே போய்ப் பின் வரிசையில் உட்காருங்கள். பதிவு செய்தவர்களில் நாலைந்து பேராவது வரமாட்டார்கள். வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் அனுமதி எண் எழுதிய துண்டுச்சீட்டுகளோடு மேசையருகே நிற்பார். எனக்குக் கிடைத்தது கடைசிச் சீட்டு.